பேப்பரில் வளர்ந்த பிள்ளை

மகள் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள் என்பது காம்யினுக்குத் தெரியும். புத்தாண்டுக்கு ஃபோன் செய்தபோது சிம் அதைச் சொன்னாள். "நல்லது, சாப்பிட்டியா?" என்று இவள் கேட்டாள். பேச்சு அதோடு முடிந்தது. ஆங்கிலப் புத்தகம். அதில் என்ன இருந்தால் தனக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

அதில் இருப்பதே தான்தான் என்பது எட்டாம் தெரு மீன்கடையில் தெரியவந்தது. கடைக்காரன் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த மீனை வலையால் அள்ளி, மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு, நிமிராமலே, அவளைப் புருஷன் குடும்பப் பேரால் கூப்பிட்டுக் கேட்டான்.

"என்ன லூயி அக்கா, பொண்ணோட முடிய தையல் கத்திரியால ஒட்ட வெட்டி விட்டீங்களாமே? என் பொண்டாட்டி நேத்துலேருந்து உங்களைத் திட்டித் தீர்க்குறா."

"எந்தப் பொண்ணு? எந்த முடி?"

"பேப்பர் பாக்கலியா? உங்க சிம் இங்கிலீஷ்ல எழுதுனதை சீனத்துல தொடர்கதையா போடுறான். போட்டோவோட வருது. ஓக்லாண்டுல தையல்காரி அம்மா, ஹோட்டல் சமையல்காரர் அப்பா. வேற யாராம் அது?"

மீனை வாங்கிக்கொண்டு, பேப்பரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மீன் சிங்க்கிலேயே கிடந்தது. கதையில் வந்த அம்மாவுக்கு வேறு பெயர்தான். ஆனால் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் இவளுடையது. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் முணுமுணுப்பதும் இவளுடையது. முடி வெட்டியதும் நடந்ததுதான். பள்ளிக்கூடத்து நர்ஸ் பேன் என்று சொல்லி, பெண்ணை வகுப்பில் உட்காரவிடாமல் திருப்பி அனுப்பியிருந்தாள். வீட்டுக்காரக் கிழவன் கேள்விப்பட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவான் என்ற பயம். அழுதுகொண்டேதான் வெட்டினாள். கதையில் பேன் இல்லை. கத்திரி இருந்தது. அழுகை பெண்ணுடையது மட்டும் இருந்தது.

காம்யின் அறுபத்துநாலாம் வருஷம் அமெரிக்காவுக்கு, இந்த ஓக்லாண்டுக்கு வந்தவள். லூயி ஹோய்செங் ஹாங்காங் வந்து, ஒரு டீக்கடையில் வைத்துப் பெண் பார்த்து, கல்யாணம் செய்து கூட்டிவந்தார். ஹோட்டல் அடுப்படியில் அவருக்கு வேலை. திங்கட்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார், அன்றும் பாதி நாள் தூங்குவார். இவள் தையல் கம்பெனியில் காலர் தைத்தாள். சிம் பிறந்தபின் குழந்தையை மெஷினுக்கடியில் வெட்டுத்துணிக் குவியலில் படுக்கப்போட்டுக்கொண்டு தைத்தாள்.

அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் படித்ததும் வீட்டின் வாய் அதுதான் என்றாகிவிட்டது. கரண்ட் ஆபீஸோ, வீட்டுக்காரரோ, பல் டாக்டரோ, எங்கே போனாலும் சிம்தான் பேசவேண்டும். காம்யின் பின்னால் நின்று, "பவ்யமா சொல்லு, சத்தமா சொல்லாதே" என்று முதுகில் குத்துவாள். கூட வேலை செய்த யூக்லான் சின்ன வயதிலேயே வந்தவள், ஆங்கிலம் ஓரளவு பேசுவாள். "ஏன் அக்கா அந்தப் பிஞ்சை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கிட்டுப் போறே? என்னைக் கூப்பிட்டா வரமாட்டேனா?" என்று கேட்பாள். ஊர்க்காரியிடம் தன் வீட்டு விஷயம் போவானேன் என்று காம்யின் கூப்பிட்டதில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் அவள் மறுபடி உண்டானாள். தம்பிதான் என்று சிம் முடிவே செய்துவிட்டிருந்தாள். எட்டாம் மாதத்தில் ஒருநாள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு, காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்பது சட்டென்று உறைத்தது. எழுந்து நேரே பள்ளிக்கூடம் போய், ஒன்பது வயது சிம்மை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வயிற்றில் குழாயை வைத்து, இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு காம்யினைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, சிம்மைப் பார்த்து மெதுவாக மறுபடி சொன்னார். சிம் அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, தம்பி நின்னுட்டானாம்."

"நின்னுட்டானா? அப்படின்னா?"

"அதான்... ஓடலயாம். நின்னுட்டானாம்."

காம்யின் ஓங்கி ஒரு அறை விட்டாள். டாக்டர் கத்தினார். ஒரு நர்ஸ் பெண்ணை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். மருந்து கொடுத்து வலி வரவைத்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க அவளிடம் பேச்சில்லை. பேசக்கூடியவள் தாழ்வாரத்து பெஞ்சில் கன்னம் சிவக்க உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஹோய்செங் எண்ணெய் வாடையோடு ஓடிவரும்வரை அந்தப் பெண் அங்கேயே இருந்தாள்.

அதன்பிறகு மூன்று பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்பெனியில் கேட்டவர்களிடம், "கலைஞ்சுபோச்சு" என்று மட்டும் சொன்னாள். யூக்லான்கூட அதற்குமேல் கேட்கவில்லை.

சிம் நன்றாகப் படித்தாள், அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போனாள், காலேஜில் வாத்தியார் ஆனாள். எண்பத்தொன்பதில் ஹோய்செங் நுரையீரல் கெட்டுப்போய்ச் செத்தபோது விமானத்தில் வந்தாள். சவ அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும், சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னாள்: "அப்பாகிட்ட ஒரு நாளாவது ஆசையா ஒரு வார்த்தை பேசியிருக்கியா நீ?"

"பொணத்தைப் பாக்க பிளேன்ல வந்தவ நீ எனக்குப் பாடம் எடுக்காதே" என்றாள் காம்யின்.

அன்றோடு இருவருக்கும் புத்தாண்டு ஃபோன் மட்டும்தான் மிச்சம்.

இப்போது தொடர்கதை. பூங்காவில் காலையில் உடற்பயிற்சி செய்ய வரும் பெண்கள் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். யூக்லானுக்குத்தான் கோபம் கோபமாக வந்தது.

"நான் இந்த மாதிரி நாலஞ்சு படிச்சிருக்கேன் அக்கா. எல்லாம் ஒரே அச்சு. அம்மா முதல்ல அடிப்பா. நடுவுல சீனாவுல பட்ட கஷ்டத்தைச் சொல்லி அழுவா. கடைசியில செத்துப்போவா. அவ செத்தாத்தான் பொண்ணுக்குப் பாசம் வரும். வெள்ளைக்காரிங்க அதைப் படிச்சிட்டு நம்ம ஹோட்டலுக்கு வந்து பரிமாறுறவளைப் பாவமா பாப்பாளுங்க."

"அப்ப நானும் சாவணுமா?"

"வேற வழி? இன்னும் ரெண்டு மாசம் ஓடும். அதுவரைக்கும் நல்லா சாப்பிடு."

காம்யின் சிரித்தாள். ஆனால் கதை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. கதையில் வரும் அம்மா உண்டாகியிருந்தாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் இடத்தில் ஒருநாள் 'தொடரும்' போட்டிருந்தார்கள். மறுநாள் பேப்பரை வாங்கி மடித்தபடியே ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள். அரிசி கழுவினாள், துணி மடித்தாள், அடுப்பைத் தேய்த்தாள். மத்தியானம் போல் அதை எடுத்து, நின்றவாறே பிரித்தாள்.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்கிறார். இடம் மாற்றிக் கேட்கிறார். பிறகு சிரிக்கிறார். மகள் அம்மா பக்கம் திரும்பி, "தம்பி தூங்குறானாம்மா. சோம்பேறிப் பயலாம்" என்கிறாள்.

காம்யின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறந்தவன் அழுத சத்தம் தெருவுக்கே கேட்டதாக எழுதியிருந்தது.

அதற்குப்பிறகு அவள் பேப்பருக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். கடை திறக்குமுன்பே போய் நிற்பாள். பையன் தவழ்ந்தான். வாத்து வறுவலின் தோலை மட்டும் உரித்துத் தின்று அகப்பட்டான். அப்பாவோடு திங்கட்கிழமை ஏரிக்கரைக்குப் போய்த் தூண்டில் போட்டு, தன் தொப்பியையே பிடித்தான். ஹோய்செங் யாரோடும் மீன் பிடிக்கப் போனதில்லை. கதையில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் கத்தரித்து எடுத்து, அவர் படத்துக்கு முன்னால் படைத்திருந்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பையனுக்குக் கதையில் ரஸல் என்று பெயர். மொழிபெயர்த்தவர் அதை ஒலிக்காகச் சீன எழுத்துகளில் அடுக்கியிருந்தார். சேர்த்துப் படித்தால் அர்த்தமே வராது. இதுவும் ஒரு பேரா என்று அவளுக்கு ஒவ்வொரு நாளும் உறுத்தும்.

கதை அம்மாவோ மகனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள். மீனின் வயிற்றுச் சதை அவனுக்கு, வால் மகளுக்கு. அவனுக்குப் புது கோட்டு, மகளுக்கு மிச்சத் துணியில் தைத்த சட்டை. மகள் பரிசு வாங்கிவந்த நாளன்று அவனுக்குக் காய்ச்சல், வீட்டில் யாரும் அந்தப் பரிசைத் திரும்பிப் பார்க்கவில்லை. பூங்காவில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஆம்பளைப் பிள்ளைன்னா உசுரு, பொண்ணுன்னா தொடைக்கிற துணியா? ஒரே வயித்துல பிறந்ததுதானே ரெண்டும்?"

"இவளுக்கு ஏதுடி ஆம்பளைப் பிள்ளை?" என்று இன்னொருத்தி மடக்கினாள். "இருக்கிறது ஒத்தைப் பொண்ணு. அது நல்லா கதை விடுது."

காம்யின் கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் பிழைத்திருந்தால் தான் என்ன செய்திருப்பாள்? வயிற்றுச் சதையை அவனுக்குத்தான் வைத்திருப்பாள். அதில் சந்தேகமே இல்லை. வாலைச் சிம்முக்குப் போட்டுவிட்டு, 'அக்காதானே, விட்டுக் கொடு' என்றிருப்பாள். நடக்காத ஒன்றைச் சிம் எழுதியிருக்கிறாள், ஆனால் தன்னை அப்படியே எழுதியிருக்கிறாள். இது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரன் ஓரம் போகச் சொல்லிக் கத்தினான்.

பேப்பரில் பையன் வளர்ந்து, அப்பாவை எதிர்த்துப் பேசி, காரை எடுத்துக்கொண்டு நெவாடாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதியில் சீட்டு போடுகிற வேலையில் சேர்ந்திருந்த சமயத்தில்தான், ஊர் நூலகத்தில் லொரெய்ன் லூயி வந்து தன் நாவலை வாசிக்கப்போகிறாள் என்று விளம்பரம் வந்தது. சிம்முக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. சிம் ஃபோனும் செய்தாள்.

"அங்க வரேம்மா. எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், உனக்குப் போரடிக்கும். முடிச்சிட்டு வீட்டுக்கு வரேன்."

"சரி" என்றாள் காம்யின். யூக்லானைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கூட்டம் நிறைய வந்திருந்தது. பாதிப் பேர் வெள்ளைக்காரப் பெண்கள். மீதி, காலேஜில் படிக்கும் சீனப் பெண்கள். சிம் மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். வாசித்து முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு கேள்விகள். யூக்லான் இவள் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அந்த வெள்ளைக்காரம்மா, உங்க அம்மா இதைப் படிச்சாங்களான்னு கேக்குறா."

சிம் ஏதோ சொன்னாள். கூட்டம் லேசாகச் சிரித்தது.

"அம்மாவுக்கு ரொம்பப் பெருமைன்னு சொல்லுறா அக்கா" என்றாள் யூக்லான்.

முப்பது வருஷத்துக்குமேல் இந்த ஊரில் இருந்தவள் காம்யின். 'அம்மா படிக்கிறவங்க இல்லை' என்று சிம் சொன்னது புரிகிற அளவுக்கு ஆங்கிலம் அவளுக்கும் ஒட்டியிருந்தது. யூக்லானின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்து ஒரு சீனப் பெண் எழுந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. தன் வீட்டிலும் தம்பிக்குத்தான் எல்லாம் என்று சொல்லிவிட்டு, "உங்க தம்பி இப்ப எங்கே? அவரோட பேசிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

சிம் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு சிரித்தபடி பதில் சொன்னாள். இந்த முறை யூக்லானுக்கு மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

"தம்பின்னு யாரும் கிடையாதாம். அவ ஒத்தைப் பிள்ளையாம். சும்மா கற்பனை பண்ணினதாம்."

காம்யின் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

சாயங்காலம் சிம் வீட்டுக்கு வந்தாள். அம்மா எழுந்து போனதை மேடையிலிருந்து பார்த்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். மூலையில் தொடர்கதைப் பேப்பர்கள் குவிந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"இதெல்லாம்... சீனத்துல வருதுன்னு சொன்னாங்க. இந்த ஊர் பேப்பர்லன்னு எனக்குத் தெரியாதும்மா."

"படிச்சேன். தினமும்."

"கோவமா?"

"பேன் இருந்துச்சு உன் தலையில. அதை ஏன் எழுதலே?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. கத்திரிதான் ஞாபகம் இருக்கு."

காம்யின் அவள் முன்னால் சூடாகத் தேநீரை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"சும்மான்னு ஏன் சொன்னே?"

"என்னது?"

"தம்பி சும்மான்னு. யூக்லான் சொன்னா. சும்மா கற்பனைன்னு சொன்னியாமே."

சிம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "வேற என்னம்மா சொல்ல முடியும் அங்க நின்னு? அம்பது பேர் முன்னாடி? அவன் செத்துட்டான், அதைச் சொன்னதுக்கு எங்கம்மா என்னை அறைஞ்சாங்கன்னா?"

"நீ சிரிச்சே."

"எப்போ?"

"அதைச் சொல்லும்போது சிரிச்சே. அதான் அடிச்சேன்."

"நான் சிரிக்கலே!" சிம் மேஜையை அறைந்தாள். தேநீர் சிந்தியது. "அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. பிள்ளை செத்துப்போறதுக்குச் சீனத்துல என்ன சொல்றதுன்னு யாரு எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? கடியாரத்துக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். பயந்தா என் வாய் அப்படித்தான் இழுத்துக்கும், இப்பவும் இழுத்துக்கும். நீ அடிச்சதும், நான் தப்பா சொல்லிட்டேன், அதனாலதான் அவன் செத்தான்னு நினைச்சேன். ரொம்ப வருஷம் நினைச்சேன். சரியா சொல்லியிருந்தா பிழைச்சிருப்பான்னு."

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றாள் காம்யின். ஆனால் குரல் இறங்கிவிட்டிருந்தது. சிந்திய தேநீரை மேல்சட்டைக் கையாலேயே துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு சொன்னாள்: "அவனுக்குப் பேர் இருக்கு."

"யாருக்கு?"

"வச்சிருந்தோம். உங்கப்பா ஒருநாள் கால் கழுவிக்கிட்டே சொன்னாரு, பையனா இருந்தா சீஹுங்னு வைக்கலாம்னு. லூயி சீஹுங். நல்லா இருக்குன்னேன். அவர்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசுனேனான்னு கேட்டியே, அன்னிக்குப் பேசுனேன்."

சிம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்துச் சொன்னாள்: "புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போறாங்கம்மா. ரஸலை எடுத்துட்டு அந்தப் பேரைப் போடச் சொல்லவா?"

காம்யினுக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. "வேண்டாம்! அந்தப் பயலுக்கு என் பிள்ளை பேரை வைக்காதே. அப்பன் சாவுக்கே வரலியே அவன். நெவாடாவுல சீட்டு போட்டுக்கிட்டு இருந்தான். என் பிள்ளை வந்திருப்பான்."

அந்தப் பகுதி சீனப் பேப்பரில் அன்று காலைதான் வந்திருந்தது.

மறுநாள் சிம் அடுத்த ஊருக்கு வாசிக்கப் போய்விட்டாள். வாசலில் காம்யின் அவள் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாள், அவள் நின்று கொடுத்தாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. தொடர்கதையின் கடைசி வாரத்தைக் காம்யின் வாங்கவில்லை. கதை அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செத்தாள் என்று யூக்லான் சொல்லித் தெரிந்துகொண்டாள். "நான் சொல்லல?" என்றாள் யூக்லான்.

ஃபோன் மட்டும் கொஞ்சம் கூடியது. மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் அதுவும் இல்லை. பனி பெய்கிறதா, இருமல் போச்சா என்ற பேச்சுதான். ஆஸ்பத்திரியைப் பற்றி இருவரும் மறுபடி எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்ததே அவர்கள் இருவராலும் தாங்கக்கூடியதற்கு மேல்.

ஆறு வருஷம் கழித்து, காய்கறி வாங்கப்போன இடத்தில் காம்யின் மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தம். யூக்லான்தான் பக்கத்தில் இருந்தாள். சிம் ஏறிய விமானம் சிகாகோவில் பனியில் மாட்டிக்கொண்டது. அவள் வந்து சேர்ந்தபோது கையைப் பிடித்துக்கொள்ளவோ மன்னிப்புக் கேட்கவோ ஒன்றும் மிச்சமில்லை. கடைசி மணி நேரத்தில் அம்மா பேசினாளா என்று கேட்டாள்.

"வாயே திறக்கல" என்றாள் யூக்லான். முன்பொரு முறை பொய் சொன்னவள், இம்முறை சொல்லவில்லை.

ஹோய்செங்கின் கல்லறைக் கல்லில் காம்யினுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அவள் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் வெட்டவேண்டும் என்று சிம் கல்வெட்டுகிற கிழவரிடம் சொன்னாள்.

"லூயி சீஹுங்."

"எந்த ஹுங்மா?" என்று அவர் பென்சிலை எடுத்தார். "சத்தம் ஒண்ணுதான், எழுத்து வேற வேற. காட்டு வாத்துக்கு ஒரு ஹுங் இருக்கு. வெள்ளத்துக்கு ஒண்ணு. வானவில்லுக்கு ஒண்ணு. வீரனுக்கு ஒண்ணு. சீ-யும் அப்படித்தான், நாலஞ்சு இருக்கு. அப்பா அம்மா எதை வச்சாங்க?"

ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார். சிம் அந்த எழுத்துகளைப் பார்த்தபடி நின்றாள். அம்மா வாயால்தான் சொன்னாள், எழுதிக் காட்டவில்லை, இவளும் கேட்கவில்லை. யூக்லானைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியொரு பெயர் இருந்ததே அன்றுதான் யூக்லானுக்குத் தெரியும்.

"எதையாவது போடலாமா?" என்றார் கிழவர். "காட்டு வாத்துதான் வழக்கமா ஆம்பளைப் பிள்ளைக்கு வைக்கிறது."

"வேண்டாங்க. தப்பா போட்டுடக் கூடாது. இங்கிலீஷ்லயே வெட்டிடுங்க."

அப்படியே வெட்டினார்கள். பதிப்பகத்துக்காரர்கள் இன்னொரு நாவல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மறுபடி ஒரு சீன அம்மாவை வைத்து. சிம் அதை எழுதிக் கொடுக்கவில்லை. சில வருஷம் ஏப்ரலில், செத்தவர்களுக்குப் படைக்கும் நாளில் கல்லறைக்கு வருவாள், சில வருஷம் வர முடியாது. யூக்லான் எல்லா வருஷமும் போவாள். புல்லைப் பிடுங்கி, கல்லைத் துடைத்து, வறுத்த பன்றி இறைச்சியும் ஆரஞ்சும் வைத்து, மூன்று பேர் பெயரையும் உரக்கச் சொல்லி, சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுவாள்.